‘போயிட்டு வரேன்’: அம்மா இல்லாத வீட்டில், ஒரு ஜப்பான் அனிமேஷன் படம் கற்றுத் தந்தது என்ன?

அம்மா எனக்கு அனுப்பிய கடைசி வாய்ஸ் மெசேஜின் நீளம் 38 விநாடி. அதை நான்கு மாதங்களாக நான் திறக்கவே இல்லை.

வாட்ஸ்அப்பில் நாம் இன்னும் கேட்காத வாய்ஸ் மெசேஜுக்குப் பக்கத்தில் மைக் பச்சையாக இருக்கும். கேட்டுவிட்டால் நீலமாக மாறிவிடும். அம்மாவுக்கு டைப் பண்ண வராது. எதுவாக இருந்தாலும் வாய்ஸ்தான். அன்று காலை 7.40-க்கு அது வந்தபோது, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு சென்னையில் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது நோட்டிஃபிகேஷன் இருந்தது. பல் விளக்கிவிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் சித்தப்பாவின் போன் வந்துவிட்டது. மாரடைப்பு.

அதன் பிறகு அந்தப் பச்சை மைக்கை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால், விரல் மட்டும் போகாது. காரணம் ரொம்ப எளிமையானது. அது நீலமாகிவிட்டால், அம்மா என்னிடம் புதிதாகச் சொல்ல இனி எதுவுமே மிச்சம் இருக்காது.

‘ஏன், எதற்கு, எப்படி?’ என்று எக்ஸ்ப்ளெய்னர் எழுதுவதுதான் என் வேலை. வட்டி விகிதம், வானிலை, வாக்காளர் பட்டியல் என எதைக் கொடுத்தாலும் எட்டு பாயின்ட்டில் விளக்கிவிடுவேன். இதற்கு மட்டும் ஒரு பாயின்ட்கூடத் தோன்றவில்லை. கடைசியில் எனக்கு அதைக் கொஞ்சம் விளக்கியது ஒரு கார்ட்டூன். அப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: ‘சுசுமே’ படத்தின் கிளைமாக்ஸ் வரை இந்தக் கட்டுரையில் வருகிறது.)

எங்க ஊர் எது?

ஈசிஆரில் கோவளம், திருவிடந்தை தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது நெம்மேலி. முதலைப் பண்ணை இருப்பது வடநெம்மேலி. அதற்கும் தெற்கே எங்கள் ஊர். சென்னைவாசிகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால், அது கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால்தான் இருக்கும். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013-ல் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-ல் வந்தது. உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எங்கள் ஊர்க் கடலாகவும் இருக்கலாம்.

அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா ஈசிஆர் ஓரம் மீன் விற்றவர். ஓர் அலுமினிய அன்னக்கூடை, ஓர் அரிவாள்மனை, வெயிலுக்கு ஒரு கிழிந்த குடை. அவ்வளவுதான் கடை. அந்தக் கடைதான் என்னைக் காலேஜில் மீடியா படிக்க வைத்தது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது எனக்கு ஐந்து வயது. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறார். எனக்கு நினைவிருப்பது அம்மாவின் மூச்சு இரைத்த சத்தம் மட்டும்தான். தமிழ்நாட்டில் அன்று ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். ஆனால், அன்றைக்கு நடந்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். வருஷா வருஷம் அதே நாளில் கடலில் பால் ஊற்றி, பூ போட்டுவிட்டு வந்து, பேசாமல் சாப்பிடுவோம்.

அதனால்தான் ‘சுசுமே’ சுனாமி பற்றிய படம் என்று தெரிந்ததும், பார்க்காமலேயே தள்ளிவைத்திருந்தேன்.

‘சுசுமே’ என்ன கதை?

‘யுவர் நேம்’ (2016), ‘வெதரிங் வித் யூ’ (2019) படங்களை எடுத்த ஜப்பான் இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் படம் இது. ஜப்பானில் 2022 நவம்பரிலும், இந்தியத் திரையரங்குகளில் 2023 ஏப்ரலிலும் வெளியானது. 2023 பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலும் இடம்பெற்றது.

சுசுமே 17 வயதுப் பள்ளி மாணவி. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள். அம்மாவின் தங்கை தமாகி, அதாவது சித்திதான் வளர்க்கிறார். ஒருநாள் சோட்டா என்ற இளைஞனைச் சந்திக்கிறாள். ஆள் நடமாட்டம் இல்லாமல் போன இடங்களில் திறந்துகொள்ளும் மாயக் கதவுகளைத் தேடித் தேடிப் பூட்டுவது அவன் வேலை. பூட்டாவிட்டால் உள்ளிருந்து ராட்சதப் புழு ஒன்று வெளியே வந்து நிலநடுக்கத்தை உண்டாக்கும்.

சாபம் ஒன்றால் சோட்டா ஒரு நாற்காலியாக மாறிவிடுகிறான். சுசுமேவின் அம்மா அவளுக்காகத் தன் கையால் செய்த குட்டி மஞ்சள் நாற்காலி அது. நான்கு காலில் ஒன்று இல்லை. அந்த மூன்று கால் நாற்காலியோடு, தென்கோடி கியூஷுவில் இருந்து எஹிமே, கோபே, டோக்கியோ என்று கதவுகளைப் பூட்டியபடியே வடக்கே போகிறாள் சுசுமே. கடைசிக் கதவு இருப்பது அவள் பிறந்த ஊரில். 2011 மார்ச் 11 சுனாமி அடித்துக்கொண்டு போன ஊர் அது.

அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.0. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000-க்கும் அதிகம். அவர்களில் ஒருவராகத்தான் சுசுமேவின் அம்மாவைக் கதை வைக்கிறது. படத்தில் அந்த அம்மா ஒரு நர்ஸ்.

படம் பார்த்து ஆறுதலா? அதுவும் துக்க வீட்டிலா?

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அம்மா போய் நான்கு மாதம்தான் ஆகிறது, இவள் போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று யாராவது சொல்வார்களோ என்ற பயம். நடு ராத்திரி, ஹாஸ்டலில் போர்வைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திருட்டுத்தனமாகத்தான் பார்த்தேன்.

ஆனால், யோசித்துப் பார்த்தால் துக்கத்தில் கதை கேட்பது நமக்குப் புதிதே இல்லை. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை என்று வட தமிழகத்தில் காரியத்தையொட்டி விடிய விடியத் தெருக்கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. அதில் பெரும்பாலும் ஆடப்படுவது ‘கர்ண மோட்சம்’. போர்க்களத்தில் கர்ணன் சாகிறான். பெற்ற தாய் குந்தி மகனை மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டார் கர்ணனுக்காக அழுகிற மாதிரி தங்கள் ஆளுக்காக அழுகிறார்கள். ஒப்பாரியும் அப்படித்தான். தெரிந்த மெட்டு, தெரிந்த உவமை, அதற்குள் அவரவர் துக்கம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் தாமஸ் ஷெஃப் 1979-ல் எழுதிய நூலில் இதை ‘அழகியல் தூரம்’ என்று விளக்குகிறார். சொந்தத் துயரத்தை நேருக்கு நேர் பார்த்தால் மூழ்கிவிடுவோம். முழுக்கத் திரும்பிக்கொண்டால் எதுவும் வெளியே வராது. கதையும் சடங்கும் நம்மை இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகின்றன. அழவும் முடியும், அதே சமயம் பத்திரமாகவும் இருக்க முடியும்.

அனிமேஷன் அந்தத் தூரத்தை இன்னும் ஒரு அடி கூட்டித் தருகிறது. நிஜ சுனாமி வீடியோ என்றால் இரண்டு விநாடிகூட என்னால் பார்க்க முடியாது. வரைந்த கடலை, வரைந்த வானத்தை, மூன்று காலில் தத்தித் தத்தி ஓடும் நாற்காலியைப் பார்க்க முடிந்தது. பாதியில் இரண்டு முறை நிறுத்தினேன். ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கூத்தில் கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவான் இல்லையா? இங்கே அந்த வேலையை நாற்காலி செய்கிறது.

பாடம் 1: பூட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்

படத்தில் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, பூட்ட வேண்டும். சாவி இருக்கிறது. ஆனால், சாவித்துளை கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் முன்பு வாழ்ந்தவர்களை நினைக்க வேண்டும். அவர்கள் பேசியது, சிரித்தது, சண்டை போட்டது எல்லாம் காதில் விழ வேண்டும். அப்போதுதான் சாவித்துளை தெரியும். பாழடைந்த பள்ளிக்கூடத்தில் மாணவர்களின் சத்தம், மூடிப்போன பொழுதுபோக்குப் பூங்காவில் குடும்பங்களின் சத்தம்.

நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ‘பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது, அதோட எல்லாத்தையும் விட்டுரு’, ‘நெனச்சிட்டே இருந்தா மனசு கெட்டுரும்’. சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், கேட்காமலே பூட்டச் சொல்கிறார்கள்.

உளவியலும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்துக்கொண்டால்தான் முன்னே போக முடியும் என்று கருதினார்கள். 1996-ல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் என்ற மூன்று ஆய்வாளர்கள் தொகுத்த ஒரு நூல், ‘தொடரும் பிணைப்புகள்’ என்ற கருத்தை முன்வைத்தது. இறந்தவரோடு உள்ள உறவு முடிந்துபோவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோயும் இல்லை என்பதுதான் அதன் சாரம். நடுவீட்டில் படத்துக்கு மாலை போட்டு, அமாவாசைக்குப் படையல் வைத்து, ‘உனக்குப் புடிச்ச வடைடா’ என்று பேசும் நம் வீடுகளில் இதை யாரும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால், ஆபீஸும் டெட்லைனுமாக ஓடுகிற நமக்கு மறந்துவிடுகிறது.

சுசுமேவின் கடைசிக் கதவு இருக்கும் கடலோரத்தில் உண்மையில் ஒரு டெலிபோன் பூத் இருக்கிறது. இவாத்தே மாகாணத்தின் ஒட்சுச்சி ஊரில், இத்தாரு சசாகி என்பவர், இறந்துபோன தன் உறவினரிடம் பேசுவதற்காகத் தோட்டத்தில் வைத்த வெள்ளைக் கூண்டு. உள்ளே எந்த லைனும் இணைக்காத பழைய கறுப்பு போன். சுனாமிக்குப் பிறகு அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ‘காற்றுத் தொலைபேசி’ என்கிறார்கள். இன்றும் தூரத்திலிருந்து ஆட்கள் வந்து, ரிசீவரை எடுத்து, இறந்தவர்களிடம் பேசிவிட்டுப் போகிறார்கள்.

இணைப்பே இல்லாத போனில் அவர்கள் பேசுகிறார்கள். என் போனிலோ அம்மாவின் குரலே இருக்கிறது, நான் கேட்கவில்லை.

பாடம் 2: வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி அழுவதில்லை

படத்தில் என்னைப் பெரிதும் உலுக்கியது சுசுமே இல்லை. சித்தி தமாகிதான். ஒரு கட்டத்தில் சித்திக்கும் சுசுமேவுக்கும் வழியில் ஒரு பார்க்கிங் இடத்தில் சண்டை வருகிறது. உன்னை வளர்த்ததில் என் வாழ்க்கையே போச்சு என்ற பொருளில் கத்திவிடுகிறார். அதற்குப் பிறகு சைக்கிளில் போகும்போது நிதானமாகச் சொல்கிறார்: நான் சொன்னதை மனதில் நினைத்தது உண்மைதான், ஆனால் அது மட்டுமே இல்லை. ‘நான் அப்படி நினைக்கவே இல்லை’ என்று பொய் சொல்லவில்லை. அவரும் அந்தச் சுனாமியில் அக்காவைப் பறிகொடுத்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அன்னக்கூடையை அப்பா, மூன்றாவது மாதமே பக்கத்துத் தெரு அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். அந்த அக்கா புதிதாக மீன் விற்க ஆரம்பித்திருந்தார். ஊருக்குப் போனபோது திண்ணையில் கூடை இல்லை. “என்னைக் கேக்காம எப்படிக் குடுத்தீங்க?” என்று கத்தினேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அம்மாவை அவர் ஈஸியாக மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபி, ஹெங்க் ஷூட் இருவரும் 1999-ல் ‘இரட்டைப் பாதை’ மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய் வருகிறார். ஒரு பக்கம் இழப்பு: நினைப்பது, ஏங்குவது, அழுவது. இன்னொரு பக்கம் வாழ்க்கை: சமைப்பது, வேலைக்குப் போவது, கரன்ட் பில் கட்டுவது. ஊசலாடுவதுதான் இயல்பு. காலையில் அழுதவர் மதியம் மீம் பார்த்துச் சிரித்தால் அது துரோகம் இல்லை.

‘மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு’ என்ற ஐந்து படிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதிய நூலில் வருவது. ஆனால், அதை அவர் முதலில் எழுதியது மரணத்தை எதிர்நோக்கி இருந்த நோயாளிகளைப் பற்றி. பிரிந்தவரை நினைத்து வாடும் குடும்பத்துக்கான டைம்டேபிள் இல்லை அது. ஆகவே, ‘எனக்கு இன்னும் கோபம்தான் வருது, நாலாவது படிக்கு எப்போ போவேன்?’ என்று கவலைப்பட வேண்டாம்.

அப்பா இன்னொரு பக்கம் நின்றிருந்தார். நான் இந்தப் பக்கம். அவ்வளவுதான் விஷயம். படம் முடிந்த மறுநாள் போன் செய்து, கூடையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார்: “அதப் பாக்க முடியல பாப்பா. கவுத்து வெச்சாலும் அவ பக்கத்துல ஒக்காந்துட்டு இருக்கற மாரியே இருந்துச்சு. சும்மா கெடந்து துருப்புடிக்கறதுக்கு, ஒருத்தி பொழப்புக்கு ஆவட்டுமேன்னு குடுத்தேன்.”

அலுமினியம் துருப்பிடிக்காது. இருவருக்கும் அது தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாடம் 3: மூன்று காலிலும் ஓடலாம்

அந்த நாற்காலியின் நான்காவது கால் கடைசி வரை திரும்பக் கிடைப்பதில்லை. மாயம், மந்திரம் எல்லாம் இருக்கிற படத்தில், ஒரு காலை ஒட்டவைப்பது பெரிய விஷயமே இல்லை. படம் அதைச் செய்யவில்லை. மூன்று காலிலேயே அது ஓடுகிறது, குதிக்கிறது, விழுந்து எழுகிறது.

‘காலம் எல்லாத்தையும் ஆத்திரும்’ என்று சொல்கிறோம். எல்லாவற்றையும் ஆற்றிவிடாது. ஒரு கால் இல்லாமல் நடக்கக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்தான். மீன் கழுவும்போது அம்மா மாதிரியே நான் செதில் தேய்க்கிறேன் என்று என் ரூம்மேட் சொன்னபோது, முதல் முறையாக அழாமல் சிரித்தேன்.

கிளைமாக்ஸில், இறந்தவர்களின் உலகத்தில் சுசுமே ஒரு சின்னக் குழந்தையைச் சந்திக்கிறாள். பனியில், அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருக்கும் நான்கு வயதுச் சுசுமே. அத்தனை வருடங்களாக அவளுக்கு ஒரு மங்கலான நினைவு இருந்தது. அன்று அம்மா வந்து இந்த நாற்காலியைத் தன் கையில் கொடுத்தார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். வந்தது அம்மா இல்லை. வளர்ந்து நிற்கும் அவளேதான். இப்போது எவ்வளவு அழுகை வந்தாலும் நீ வளர்வாய், உனக்குப் பிடித்தவர்கள் கிடைப்பார்கள் என்று அந்தக் குழந்தையிடம் சொல்கிறாள்.

இதைப் பார்த்தபோது எனக்கு இறந்த அன்றைய நான் நினைவுக்கு வந்தேன். ஈசிஆர் பஸ்ஸில் ஜன்னலோரம், கையில் பச்சை மைக்கோடு, ஊர் வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பெண். அவளிடம் சொல்வதற்கு இன்று என்னிடம் ஏதோ இருக்கிறது. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ‘நாலு மாசம் கழிச்சும் இருப்ப. சாப்பிடுவ. அப்பாகூடச் சண்டை போடுவ, சமாதானம் ஆவ.’

பாடம் 4: ‘போயிட்டு வரேன்’

கடைசிக் கதவைப் பூட்டும்போது சுசுமேவின் காதில் விழுவது, 2011 மார்ச் 11 காலையில் அந்த ஊர் வீடுகளில் கேட்ட குரல்கள். பள்ளிக்கு, வேலைக்கு, கடலுக்குக் கிளம்பியவர்கள் வாசலில் நின்று சொன்ன ஒரே சொல், ‘இத்தெகிமாஸ்’. வீட்டில் இருப்பவர்களின் பதில், ‘இத்தெராஷ்ஷாய்’.

இதை ஆங்கில சப்டைட்டிலில் படித்தால் பாதிதான் புரியும். தமிழில் மொழிபெயர்க்கவே தேவையில்லை. ‘போயிட்டு வரேன்.’ ‘போயிட்டு வா.’

“போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு” என்று அம்மா தலையில் குட்டியிருக்கிறார். கடலுக்குப் போகிறவர் வீட்டில் இது வெறும் மரியாதைச் சொல் இல்லை. தினமும் விடிகாலையில் கேட்கிற பிரார்த்தனை. ஜப்பானின் கடலோரத்திலும் அப்படித்தான் என்று தெரிந்தபோது, போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அந்தக் காலையில் சொன்ன அத்தனை பேரும் திரும்பி வரவில்லை. ஆனால், படம் அந்தச் சொல்லைப் பொய் என்று சொல்லவில்லை. அதைச் சொன்ன நேரத்தில் அது உண்மை. அதில் இருந்த பிரியமும் உண்மை. ‘கடைசியா ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்களே’ என்று நாம் புலம்புகிறோம். பேசினார்கள். அது கடைசி வார்த்தை மாதிரி இல்லாமல், சாதாரண வார்த்தையாக இருந்தது. அவ்வளவுதான்.

படம் போதுமா? எப்போது உதவி கேட்க வேண்டும்?

போதாது. படம் மருந்து இல்லை. எனக்கு அது பேச்சைத் தொடங்கி வைத்தது, அவ்வளவே.

நாள் ஓடியும் துக்கம் கொஞ்சமும் தளராமல், தினசரி வாழ்க்கையையே நடத்த முடியாமல் செய்தால் அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: நீடித்த துக்கக் கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் திருத்திய கையேட்டில் பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் என்றும் கால வரம்பு உள்ளது. ஆனால், உதவி கேட்க அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் குலைந்தாலோ, ‘நானும் போயிடலாம்’ என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, உடனே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தயங்க வேண்டாம்.

வேறு என்ன படங்கள் பார்க்கலாம்?

- கோகோ (2017): தாத்தா பாட்டியை இழந்தவர்களுக்கு. யாராவது நினைத்துக்கொண்டிருக்கும்வரைதான் இறந்தவர்கள் அங்கே இருப்பார்கள் என்ற மெக்சிகோ கதை. நம் அமாவாசைப் படையல் நினைவுக்கு வரும்.
- அப் (2009): துணையை இழந்தவர்களுக்கு. முதல் சில நிமிடங்களிலேயே ஒரு முழு வாழ்க்கை ஓடிவிடும். கர்ச்சீப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
- பிக் ஹீரோ 6 (2014): அண்ணன், தம்பி, நண்பரை இழந்த இளைஞர்களுக்கு. கோபம் எப்படித் துக்கத்தின் முகமூடியாகிறது என்று சொல்லும்.
- இன்சைட் அவுட் (2015): இதில் மரணம் இல்லை. ஆனால், ‘சோகத்துக்கும் வேலை இருக்கிறது’ என்று குழந்தைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல படம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ (1988) மகத்தான படம். ஆனால், புதிதாக இழப்பைச் சந்தித்தவர்கள் இப்போதைக்கு அதைத் தள்ளிவையுங்கள். ‘சுசுமே’விலும் நிலநடுக்க எச்சரிக்கை ஒலி வரும். கரையோர ஆட்கள் முதல் முறை தனியாகப் பார்க்க வேண்டாம். நான் செய்த தப்பு அது.

குரல்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

இது முழுக்க நடைமுறை விஷயம். வேண்டியவர்களின் வாய்ஸ் மெசேஜ் உங்கள் போனில் இருந்தால், வாட்ஸ்அப் சாட்டைத் திறந்து ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவோடு சேர்த்து மெயிலிலோ டிரைவிலோ போட்டு வையுங்கள். போன் தொலைந்தால், உடைந்தால் அழக்கூட மிச்சம் இருக்காது. ரீசார்ஜ் செய்யாத எண் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ‘அம்மா’ என்று சேவ் செய்த நம்பரில் இருந்து யாரோ ஒருவரின் புரொஃபைல் படம் வந்து நின்றால் தாங்காது. அதற்கு முன்பே பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அப்பா மாதா மாதம் அம்மாவின் நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த 38 விநாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். சாயங்காலம், அப்பா திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா வாய்ஸ் ஒண்ணு இருக்குப்பா. நான் இன்னும் கேக்கல” என்றேன். ஊசியைக் கீழே வைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் வண்டிச் சத்தம். ஈசிஆர் பஸ் ஹாரன். பிறகு அம்மா.

“பாப்பா, எந்திரிச்சிட்டியா? சங்கரா வந்திருக்கு, நல்லா பெருசு பெருசா. உனக்கு நாலு எடுத்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வர்றியா? வரும்போது அப்பாவுக்கு அந்த முட்டிவலித் தைலம் வாங்கிட்டு வா, இங்க கெடைக்க மாட்டேங்குது. அவரா கேக்க மாட்டாரு. சரி சரி, ஆளு வந்துட்டாங்க... கிலோ நானூறுங்க... வெச்சிடறேன் பாப்பா.”

மைக் நீலமாகிவிட்டது.

நான்கு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. ஆனால், நினைத்த மாதிரி எதுவும் முடிந்துபோகவில்லை. அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் இன்னும் செய்யவில்லை.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

“தைலம் வாங்கியாந்தியா?”

இல்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். அப்புறம் இன்னொரு முறை.

இருட்டியதும் பேகை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வழக்கமாக அம்மா நிற்கும் இடத்தில் அப்பா வந்து நின்றார்.

“அடுத்த வாரம் தைலத்தோட வரேன்ப்பா. போயிட்டு வரேன்.”

“ம்... போயிட்டு வா.”